காலை வெயில் விழும் இடம்

(கஹவத்தையில் பெப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலையில், தோட்ட மக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்த விதை நல்லது, என்ன உரம் போடலாம் என்று கேட்டுப் போகத்தான் உங்களில் பலர் வந்திருப்பீர்கள். விதைக்குக் கமநல சேவை நிலையம் இருக்கிறது. உரத்துக்கு மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் இருக்கின்றன. நான் பேச வந்தது அதற்கெல்லாம் முந்திய காரியத்தைப் பற்றி. வீட்டைச் சுற்றி இருக்கிற கொஞ்ச நிலத்தில், முதல் மம்பட்டியை எந்த இடத்தில் போடுவது என்பதைப் பற்றி. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு விவசாயம் படிப்பித்தேன். காய்க்காத கத்தரியையும் அழுகிப்போன கொச்சிக்காயையும் கொண்டுவந்து காட்டி, "சேர், என்ன மருந்து அடிக்கிறது?" என்று கேட்டவர்கள் அநேகம். அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் மருந்துக்கு வேலையே இருக்காது. பாத்தி பிழையான இடத்தில் இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் தாயாரிடம் படித்தேன்.

1974ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்தை இங்கே இருக்கிற மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரிசி, மா, சீனி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பாணுக்கு விடியக்காலையிலேயே வரிசை. தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் செத்தார்கள். நாட்டில் எல்லாரையும் பயிர் செய்யச் சொன்னார்கள். லயத்தில் இருந்த எங்களுக்கு நிலம் எங்கே இருந்தது? பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதற்கு அப்பால் கான். பின்னால் மண் திட்டு. அந்தத் திட்டுக்கும் ஒரு பெரிய பலா மரத்துக்கும் இடையில் பாய் விரிக்கிற அளவு இடம் கிடந்தது. வேறு இடம் இல்லை என்று அம்மா அதைத்தான் கொத்தினார். கத்தரியும் வெண்டியும் போட்டார். பீலியிலிருந்து நாங்கள் தண்ணீர் சுமந்தோம். செடி இடுப்பளவுக்கு வளர்ந்தது, இலை கரும்பச்சையாய் நின்றது, பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் ஒரு காய் இல்லை. பூத்த பூவெல்லாம் கொட்டிப் போனது.

அதே நேரத்தில் லயத்தின் கிழக்குக் கோடியில், தொங்கல் காம்பராவுக்கு அப்பால், எல்லா வீட்டுச் சாம்பலும் குப்பையும் கொட்டுகிற மேட்டில் ஒரு பூசணி தானாக முளைத்தது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அது படர்ந்து பதினோரு காய் காய்த்தது. லயமே சமைத்துச் சாப்பிட்டது. அம்மா ஒருநாள் அந்த மேட்டில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, விடிஞ்சதும் வெயில் இங்கதான்டா முதல்ல விழுது" என்றார். அந்த ஒரு சொல்லைத்தான் இன்றைக்கு உங்களுக்கு விரித்துச் சொல்லப்போகிறேன்.

செடிக்கு வெயில் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காய்க்கிற செடிகளான கத்தரி, கொச்சிக்காய், தக்காளி, வெண்டி, பயத்தங்காய் இவற்றுக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் பட வேண்டும். கீரை வகைகள் நான்கு மணித்தியாலத்தோடு சமாளித்துக்கொள்ளும். ஆனால் எந்த நேரத்து வெயில்? வெளிநாட்டுப் புத்தகங்கள் தெற்குப் பார்த்த நிலத்தைத் தேடச் சொல்கின்றன. ஐரோப்பாவில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே சாய்ந்து போகும். அங்கே அது சரி. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை கூடத் தள்ளி இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் இருக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் வானொலியில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மிச்ச மாதங்களில் தெற்கே. ஆகவே வடக்கா தெற்கா என்ற கேள்வி நமக்குச் சின்னக் கேள்வி. பத்தடிச் சுவர் ஒன்று டிசெம்பர் மத்தியானத்தில் வடக்கே ஆறடிக்கு நிழல் போடும். ஜூன் மாதத்தில் தெற்கே மூன்றடிக்குப் போடும். அவ்வளவுதான். சுவரை விட்டு ஆறேழு அடி தள்ளிக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

நம்முடைய பெரிய கேள்வி கிழக்கும் மேற்கும்தான். காரணம் மழை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம்முடைய வானம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலையில் பளிச்சென்று விடியும். பதினொரு மணிக்குப் பிறகு மலைப் பக்கம் முகில் கட்டும். இரண்டு மூன்று மணிக்கு இடி முழக்கத்தோடு கொட்டும். பிறகு இருட்டும் வரை மூட்டம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை; அப்போதும் கிடைக்கிற கொஞ்ச வெயிலைக் கைவிட முடியாது. இரத்தினபுரிப் பக்கம் வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற மழை இப்படித்தான் பின்னேர வெயிலைத் தின்றுவிடுகிறது. மேற்குத் திறந்து கிழக்கு மறைந்த இடத்தில் பாத்தி போட்டவருக்குக் காலை வெயிலை மலை மறைக்கும், மாலை வெயிலை முகில் மறைக்கும். எங்கள் அம்மாவின் முதல் பாத்தி அப்படித்தான் கெட்டது. பலா மரம் கிழக்கே நின்றது.

காலை வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இரவுப் பனியும் முந்திய நாள் மழையும் இலையில் தங்கி நிற்கும். இலை ஈரமாக இருக்கிற நேரம் நீண்டால் பூஞ்சண நோய் பிடிக்கும். எட்டு மணிக்கு வெயில் பட்டால் ஒன்பதுக்கு இலை காய்ந்துவிடும். பதினொரு மணிக்குத்தான் படும் என்றால் அத்தனை நேரமும் நோய்க்கு இடம் கொடுத்ததாகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற பூஞ்சணநாசினி செய்கிற வேலையில் ஒரு பங்கைக் காலை வெயில் சும்மா செய்து தருகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளையின் கையில் கொஞ்சம் கல்லைக் கொடுங்கள். ஏழு மணிக்கு நிழல் எங்கே முடிகிறதோ அந்த விளிம்பில் வரிசையாகக் கல் வைக்கச் சொல்லுங்கள். ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று மணிக்கும் அப்படியே. மாலையில் அந்தக் கல் வரிசைகளைப் பார்த்தால், ஏழிலிருந்து பதினொன்று வரை எந்தத் துண்டு வெளிச்சத்தில் கிடந்தது என்று தெரிந்துவிடும். என்னிடம் படித்த பிள்ளைகள் இதைச் செய்து கொப்பியில் படம் வரைந்து வருவார்கள். அப்பாவும் அம்மாவும் பத்து வருஷம் இருந்த வாசலில், வெயில் எங்கே விழுகிறது என்று அன்றைக்குத்தான் கண்டோம் என்று சொன்ன வீடுகள் உண்டு. விடியக்காலையில் பிரட்டுக்கு ஓடுகிறவர்கள் அதை எப்போது பார்ப்பது?

இங்கே ஒரு எச்சரிக்கை. கஹவத்தைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ரப்பரும் இருக்கிறது. ரப்பர் மரம் ஜனவரி, பெப்ரவரியில் இலை கொட்டும். இப்போது போய்ப் பாருங்கள், ரப்பர் ஓரத்தில் தரையெல்லாம் வெயில். "நல்ல இடம்" என்று மனம் சொல்லும். மார்ச் கடைசியில் துளிர் விட்டு இலை மூடினால் அதே இடம் குகை மாதிரி இருண்டுவிடும், நீங்கள் நட்ட நாற்று அப்போதுதான் வேர் பிடித்திருக்கும். ஆகவே இந்த மாதத்தில் இடம் பார்க்கிறவர்கள் ரப்பர் கிளை எதுவரை நீண்டிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்து, அதைத் தாண்டித்தான் கல் வைக்க வேண்டும். பலா, மா, ஈரப்பலா போன்ற பெரிய மரங்களின் வேர் கிளையைவிடத் தூரம் போகும். அவை தண்ணீரையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்த நிழலுக்குள் இஞ்சி, மஞ்சள், ரம்பை வையுங்கள். அவை கோபிக்காது.

இனித் தண்ணீர். மழை பெய்யும்போது நாம் எல்லாரும் காம்பராவுக்குள் ஓடுகிறோம். மரக்கறித் தோட்டம் போட நினைக்கிறவர் ஒருமுறையாவது குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்து மண்ணை அரித்துச் செந்நிறமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு அடிக்கு இருபது அடித் தகரக் கூரை ஒன்றில் ஐம்பது மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரத்து நூறு லீற்றர் தண்ணீர் விழும். நமக்கு ஐம்பது மில்லிமீற்றர் என்பது ஒரு பின்னேரத்து மழை. அந்தத் தண்ணீர் முழுக்கத் தாழ்வாரத்தின் கீழே ஒரு கோட்டில் கொட்டினால் அங்கே கீரை விதை நிற்குமா? தாழ்வாரத்தை விட்டு விலகுங்கள். முடிந்தால் பீலி கட்டி ஒரு பீப்பாயில் பிடியுங்கள். பீப்பாயை மூடி வையுங்கள், டெங்கு நுளம்பு நமக்கு வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் மழை விட்ட நாட்களில் நூறு சதுர அடிப் பாத்திக்கு நாளுக்கு நான்கைந்து வாளித் தண்ணீர் தேவைப்படும். வேலை முடிந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்தான் அதைச் சுமக்கப் போகிறாள். பாத்தி தண்ணீருக்கும் குசினிக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அவளுக்காகத்தான்.

தேங்குகிற இடத்தை அறிய ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வற்றிய பிறகு இரண்டாம் முறை ஊற்றுங்கள். அரை நாள் போயும் தண்ணீர் நின்றால் அங்கே கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் வைக்க வேண்டாம். ஈர மண்ணில் பற்றீரியா வாடல் நோய் வரும். காலையில் நன்றாக நின்ற செடி மத்தியானம் பச்சையாகவே தலை தொங்கிவிடும். அதற்கு மருந்தில்லை, அது மண்ணிலேயே தங்கிவிடும். அந்த இடம் கங்குனுக்கும் கொகிலாவுக்கும் வல்லாரைக்கும் உரியது.

கான் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். லயத்துக் கானும் மலசலகூடத்துத் தண்ணீரும் போகிற வழியில் பாத்தி போடாதீர்கள். அங்கே செடி செழிக்கும் என்பது உண்மை. ஆனால் பச்சையாகச் சாப்பிடுகிற வல்லாரையும் பொன்னாங்காணியும் அங்கிருந்து வரக்கூடாது. நம்முடைய இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சல் கூடுதலாகக் காணப்படுகிற மாவட்டம். வெறுங்காலோடு அந்தச் சேற்றில் நிற்பது உயிரோடு விளையாடுவது. தேயிலை மலையிலிருந்து இறங்கி வருகிற கானுக்கு நேர் கீழேயும் வேண்டாம். கிளைபொசேற் களைநாசினியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் விட்டார்கள், 2022இல் தடையை நீக்கினார்கள். மலையில் அடிப்பது மழையோடு எங்கே வரும் என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்ணைப் பற்றி நான் வேறு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லப்போவதில்லை. ஆனால் தேயிலை நின்ற மண் தேயிலைக்குத்தான் நல்லது. தேயிலை புளிப்பு மண்ணில் வாழும். காடித்தன்மையை அளக்கிற pH கணக்கில் நாலரை முதல் ஐந்தரை வரை அதற்குப் பிடிக்கும். மரக்கறிக்கு ஆறு, ஆறரை வேண்டும். அவ்வளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் குட்டையாக்கிவிடும். தேயிலைக்கு அது பழகிப்போன விஷயம், போஞ்சிக்கு அப்படியில்லை. எனவே பழைய தேயிலை பிடுங்கிய துண்டு கிடைத்தால் சந்தோஷப்பட்டு உடனே விதைக்காதீர்கள். டொலமைட் போட்டு மழையில் ஊற விடுங்கள். கெக்கில்லப் பன்னம் மண்டிய இடம் புளித்து இளைத்த மண் என்று அறிந்துகொள்ளுங்கள். முளைக்கீரையும் பூசணியும் தானாக முளைக்கிற இடம் சாம்பலும் குப்பையும் உண்டு கொழுத்த மண். அம்மாவின் குப்பை மேட்டுக்கு வெயில் கிழக்கிலிருந்து வந்தது. இருபது வருஷத்து அடுப்புச் சாம்பல் அதன் புளிப்பை எடுத்திருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் கூடியதால்தான் பதினோரு காய். மாணிக்கக் குழிக்காரர் அள்ளிப் போட்ட மண் மேட்டை மட்டும் நம்பாதீர்கள். அது அடியிலிருந்து வந்த களியும் பருக்கையும். மேல்மண் அதன் கீழே புதைந்து கிடக்கிறது.

இனிப் பயிரைத் தின்ன வருகிறவை: குரங்கு, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, இப்போது மயிலும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணினோமே, அவ்வளவுக்குத் தொல்லை வந்துவிட்டது. குசினி யன்னலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடமே நல்ல இடம். அதைவிட நல்ல வேலி எனக்குத் தெரியாது.

அடுத்ததைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. இடம் போதவில்லை என்று லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண் திட்டை வெட்டி அகலப்படுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். செய்யாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம்முடைய சனங்கள் இருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே 17ஆம் திகதி கேகாலை அரநாயக்கவில் ஒரு மலையே இறங்கியது. ஒரு பாத்தி வெட்டியதால் அவை நடந்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவின் அடியை வெட்டினால் மேலே இருக்கிற மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். சரிவில்தான் இடம் என்றால் சம உயரத்தில் கல் அடுக்கி, கல்லுக்கு மேல் பக்கம் ஒடுங்கிய பாத்தி எடுங்கள். விளிம்பில் கிளிரிசிடியாவோ சேரையோ நடுங்கள். திட்டில் வெடிப்புக் கண்டாலோ, புதிதாய் ஊற்று வந்தாலோ, நிமிர்ந்து நின்ற மரம் சாய்ந்தாலோ தோட்டத்தை மறந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

அம்மாவின் குப்பை மேட்டுக் கதையை நான் பாதியில் விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் அவர் அந்த மேட்டைத் தட்டிப் பரப்பி நான்கு பாத்தி போட்டார். கொச்சிக்காய், கத்தரி, பசளி, பயத்தங்காய். இரண்டு வருஷம் எங்கள் வீட்டிலும் பக்கத்து இரண்டு காம்பராக்களிலும் கறிக்குக் குறையில்லை. மூன்றாவது வருஷம் ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்தபோது பாத்தி எல்லாம் பிடுங்கிக் கிடந்தது. தேயிலைக் கன்று நடக் குழி வெட்டியிருந்தார்கள். யாரிடமும் கேட்க வழியில்லை. காணி எங்களுடையது இல்லை. பழுத்த கொச்சிக்காய்களை மட்டும் பொறுக்கிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா வீட்டுக்கு வந்தார். அவர் அதற்குப் பிறகு ஒரு விதையும் போடவில்லை.

நல்ல இடத்தைத் தெரிவு செய்யச் சொல்லி நான் பேசுகிறேன். தெரிவு செய்ய இடம் இருந்தால்தானே? 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் பொருளாதாரம் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை ஒரு வருஷத்துக்குள் 94.9 வீதம் ஏறியிருந்தது. அதே வருஷம் ஜூன் மாதம் வீட்டுத் தோட்டம் செய்ய என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். நாட்சம்பளத்துக்கு மலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை, தோட்டம் போட நிலமும் இல்லை. காணி உரிமையைக் கேட்பதும் மரக்கறித் தோட்டத்துக்கு இடம் பார்ப்பதும் எனக்கு ஒரே வேலைதான்.

உங்களில் சிலருக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்திருக்கிறது, சிலருக்குக் கிடைக்கப்போகிறது. அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது மிக முக்கியம். ஏழு பேர்ச் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி. அதில் வீடு ஐந்நூற்றைம்பது. காணி கிழக்கு மேற்காக முப்பத்தெட்டு அடி, நீளம் ஐம்பது அடி என்று வையுங்கள். இருபத்திரண்டு அடி அகல வீட்டை நட்ட நடுவில் கட்டினால் இரண்டு பக்கமும் எட்டெட்டு அடி ஒழுங்கை மிஞ்சும். சுவர் நிழலும் தாழ்வாரத் தண்ணீரும் அதை எடுத்துக்கொள்ளும். அதே வீட்டை மேற்கு எல்லையில் விடவேண்டிய இடைவெளியை விட்டு அந்தப் பக்கம் ஒதுக்கினால், கிழக்கே பதின்மூன்று அடிக்கு ஐம்பது அடி ஒரே துண்டாகக் கிடைக்கும். சட்டி கழுவுகிற இடம் அந்தப் பக்கம், மலசலகூடக் குழி எதிர்ப்பக்கம் பள்ளத்தில். அத்திவாரம் வெட்டிய பிறகு இதையெல்லாம் மாற்ற முடியாது. வீட்டுக்கு முளை அடிக்கிற அன்றே தோட்டத்துக்கும் இடம் குறித்தாக வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது கொழுந்து எடுக்கிறவள், போன வருஷம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மேசன் நடுக் காணியில் நூல் பிடித்து முளை அடித்து முடித்திருந்தார். அவள் ஏழு மணி வெயிலுக்கு முன்பே வந்து காணிக்குள் நின்றாள். மலைக்கு மேல் சூரியன் வந்து முதல் வெளிச்சம் விழுந்த இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு மேசனிடம் போய், "அண்ணே, வீட்டை அங்கிட்டு ஒதுக்குங்க" என்று சொல்லிவிட்டு, தானே குனிந்து முளைகளைப் பிடுங்கத் தொடங்கினாள்.